காஞ்சொறி: ஒரு செடியும் அதன் பெயர் வரலாறும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கின்றது தொல்காப்பியப் பாயிரம். அவ்வேங்கடத்தின் அடிவாரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அலுவல் காரணமாக வந்து குடியேறி வாழ்பவர் நாம். எல்லைகள் மாறும் இயல்பின. 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இம்மாற்றங்கள் எதனையும் அறியாது, எல்லையின் இருபுறத்து வேலிகளிலும் மழைக்காலந்தோறும் படர்ந்து வரும் சிறு கொடி ஒன்று உண்டு. காஞ்சொறி என்றும் செந்தட்டி என்றும் அதனை நம் முன்னோர் அழைத்தனர். அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

இதனை ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சித்தூரை அடுத்த ஓர் ஏரிக்கரைக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். எம் இளைய மகள் வேலியில் படர்ந்திருந்த கொடி ஒன்றைப் பற்றி இழுத்தாள், மறுகணமே அலறினாள். உள்ளங்கையும் விரல்களும் சிவந்து தடித்தன. யாம் பதறிப்போய் அக்கையை அழுத்தித் தேய்த்தோம். வலி இருமடங்காயிற்று. அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தெலுங்கு மூதாட்டி ஓடி வந்து, "துரதகொண்டி சாமி, தேய்க்கக்கூடாது" என்று எம் கையை விலக்கினார். ஏரிக் களிமண்ணைக் குழைத்து அப்பி, அது காய்ந்தபின் உரித்தெடுத்து, நீர் வார்த்துக் கழுவினார். சிறிது நேரத்தில் குழந்தையின் அழுகை ஓய்ந்தது. அன்றிரவு ஊரிலிருக்கும் எம் அன்னையாரிடம் தொலைபேசியில் இதனைக் கூறினோம். "காஞ்சொறி பட்டிருக்கும். சிறு வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேனே, மறந்துவிட்டாயா?" என்றார். மறந்துதான் போயிருந்தோம். பட்டம் பெற்று, கோப்புகளின் எண்களையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் எமக்கு, மகளைக் காக்க வேண்டிய ஒரு பெயர் நினைவில் இல்லை.

அப்பெயரை எண்ணிப் பார்க்குமிடத்து அதுவே ஓர் எச்சரிக்கையாக அமைந்திருத்தல் புலனாகும். காஞ்சொறி என்பதில் சொறி என்னும் சொல் நிற்கின்றது. மலையாளத்தார் இதனைச் சொறியணம் என்பர். தெலுங்கில் துரத என்பது நமைச்சலைக் குறிக்கும். அதனடியாகத் துரதகொண்டி என்றனர். நமைச்சல் தரும் பூனைக்காலிக்கும் அப்பெயர் அங்கு வழங்குவதுண்டு. வடமொழி நூல்கள் விருச்சிகாளி என்னும், விருச்சிகமாவது தேள். மொழிகள் வேறாயினும் பெயரிட்டோர் அனைவரும் கண்டது ஒன்றே. தீண்டினால் என்னாகும் என்பதனையே பெயராகச் சூட்டிப் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றனர்.

இந்நாட்டார் அறிவு மேனாட்டு நூல்களிலும் ஏறிற்று. கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஓர்த்துசு மலபாரிக்குசு' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலையைச் சார்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன் அதற்குப் பெருந்துணை புரிந்தார். சொறியணம் என்னும் பெயருடனேயே நம் செடி அந்நூலில் இடம்பெற்றது. பின்னர் சுவீடன் நாட்டு லின்னேயசு 1753இல் இதற்குத் திராகியா இன்வொலூக்ரேட்டா என்று பெயரிட்டார். திராகியா என்பது செருமானிய மூலிகை அறிஞர் பாக்கு என்பவரின் நினைவாக அமைந்த பெயர். சொறியும் தேளும் அதில் இல்லை. ஆகவே அப்பெயரைக் கேட்டு எவரும் கையைப் பின்னிழுக்கமாட்டார்.

ஐரோப்பிய வேலிகளில் வளரும் அர்ட்டிகா என்னும் செடி வேறு குடும்பத்தது. நம் காஞ்சொறியோ ஆமணக்கின் குடும்பத்தைச் சார்ந்தது. உறவில்லாத இரு குடும்பங்கள் ஒரே வகைப் படைக்கலத்தைப் பெற்றிருத்தல் வியப்புக்குரியது. அர்ட்டிகாவின் முடியை 1665இலேயே இராபர்ட் ஊக்கு நுண்ணோக்கியால் ஆராய்ந்து, உள்ளிருக்கும் நீர் தோலுள் புகுவதைக் கண்டார். அந்நீர் எறும்பிலுள்ள ஃபார்மிக் அமிலமே என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று; பள்ளிகளில் நாமும் அவ்வாறே பயின்றோம். அது முழு உண்மையன்று. 1947இல் எம்மலின், ஃபெல்ட்பெர்க் என்னும் இருவர் அம்முடியில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் இருத்தலைக் காட்டினர். இவருள் ஃபெல்ட்பெர்க், யூதர் என்பதால் 1933இல் பெர்லினில் பணியிழந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1956இல் செரட்டோனினும் கண்டறியப்பட்டது. நெடுநேரம் நிலைக்கும் வலிக்கு ஆக்சாலிக், டார்டாரிக் அமிலங்கள் காரணமாதலைத் தைவான் நாட்டுச் செடி ஒன்றில் 2006இல் ஆய்வாளர் கண்டனர்.

காஞ்சொறியின் இனத்தில் அமைப்பு சற்றே வேறுபடும். அர்ட்டிகாவின் முடி கண்ணாடிக் குழல் போன்று முனை ஒடிந்து நீரைச் செலுத்தும். காஞ்சொறி இனத்து முடியிலோ கால்சியம் ஆக்சலேட்டால் ஆகிய ஊசிப் படிகம் ஒன்றுண்டு. தொட்ட மாத்திரத்தில் அப்படிகம் தோலைத் துளைக்கும். தேய்க்குந்தோறும் தோலில் ஒட்டிய முடிகள் மேலும் ஒடிந்து உட்புகும். மூதாட்டி எம் கையை விலக்கியதன் காரணம் இதுவே. களிமண் செய்த வேலையை இக்காலத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டி உரித்தும் செய்யலாம். பின் சோப்பு நீரால் கழுவுதல் நலம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தோன்றின் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அறிஞரும் இதற்கு விலக்கல்லர். 1816இல் இந்தியாவிற்கு வந்து, புதுச்சேரித் தாவரத் தோட்டத்தை நடத்திய பிரெஞ்சு அறிஞர் லெசனோ, கல்கத்தாத் தோட்டத்தில் இவ்வகை மரச்செடி ஒன்றின் இலையை மூன்று விரல்களால் சிறிதே தீண்டினார். வலி உடலெங்கும் பரவித் தாடை இறுகியது. முற்றும் நீங்க ஒன்பது நாளாயிற்று என அவரே எழுதி வைத்தார். பின்னாளில் நீலகிரியின் சொறிச்செடி ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

எனினும் சுடும் செடியைப் பகையென்று ஒதுக்கவில்லை நம்மவர். காஞ்சொறியின் வேரைக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்தாகச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் கொண்டன. வேர்ச்சாறு வீக்கத்தைத் தணித்தல் எலிகளில் செய்த சோதனைகளிலும் புலப்பட்டுள்ளது. இமயமலைச் சாரலில் இச்செடி வகையின் இளந்தளிரை வேகவைத்துக் கீரையாக உண்பர். வெந்தபின் சுணை அடங்கிவிடும். நேபாளத்தார் 'அல்லோ' என்னும் வகையின் நாரால் துணி நெய்வர். தொடும் முறை அறிந்தவர்க்கு அது உணவும் உடையும் மருந்தும் ஆகின்றது.

குடிபெயர்ந்து வாழும் நாம் பிள்ளைகளுக்குக் குறளையும் ஆத்திசூடியையும் கற்பிக்கின்றோம். சங்க விழாக்களில் அவர்கள் அவற்றை ஒப்பிக்கக் கேட்டு மகிழ்கின்றோம். ஆயின் வேலியோரத்துச் செடியின் பெயர் எப்பாடத்திலும் இல்லை. அதனை ஒருவர் விரலால் சுட்டிக் காட்டித்தான் மற்றொருவர் அறியவேண்டும். எம் அன்னையார் காட்டினார், யாம் மறந்தோம், மகள் கை சுட்டது. இப்பொழுது அவள் காஞ்சொறி, துரதகொண்டி என்னும் இரு பெயரையும் அறிவாள். சென்ற மழைக்காலத்தில் அதே ஏரிக்கரையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் வேலியை நோக்கிக் கை நீட்டினான். எமக்கு முன்னே அவள் குரல் எழுந்தது. அவன் தெலுங்குச் சிறுவன். ஆகவே துரதகொண்டி என்றே கூவினாள். கை பின்வாங்கிற்று.