காலடி எண்ணும் கருவிகளும் பதின்ம வயதினரின் உடலியக்கமும்

பதின்ம வயதினர் ஒரு நாளில் எவ்வளவு நடக்கிறார்கள், ஓடுகிறார்கள் என்பதை உடலில் அணியும் கருவிகளால் கணக்கிடும் ஆய்வுமுறை இது. கேள்வித்தாளில் கேட்டால் பந்து விளையாடிய நேரத்தைச் சொல்வார்கள். மாடிப்படி ஏறியதும் கடைக்குப் போய்வந்ததும் நினைவில் நிற்பதில்லை. அந்தக் குறையைக் கருவி நிரப்புகிறது.

ஜப்பானின் யமாசா நிறுவனம் 1965-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘மான்போ-கெய்’ என்ற பெடோமீட்டர் (காலடி எண்ணும் கருவி) வழியாகவே நாளுக்கு 10,000 காலடி என்ற இலக்கு பரவியது. அது பெரியவர்களுக்காக எழுந்த எண். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் நாளுக்குச் சராசரியாக 60 நிமிட மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வளரிளம் பருவத்தினருக்கு இது ஏறத்தாழ 10,000 முதல் 11,700 காலடி எனக் கணித்தது.

பழைய பெடோமீட்டரில் வில்சுருளோடு இணைந்த ஒரு நெம்புகோல், இடுப்பு அசையும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடி எண்ணும். மெதுவாக நடந்தாலோ, வயிறு பருத்து இடுப்புவார் சாய்ந்திருந்தாலோ குறைத்து எண்ணிவிடும். பின்னர் வந்த முடுக்கமானிகள் அசைவின் வேகமாற்றத்தையே நொடிக்குப் பல முறை பதிவுசெய்வதால், இயக்கம் எவ்வளவு கடுமையானது என்பதையும் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2003–04-இல் இடுப்பில் முடுக்கமானி கட்டி நடத்திய தேசிய ஆய்வில், 12–19 வயதினரில் சுமார் 8% பேரே 60 நிமிட அளவை எட்டியிருந்தனர்.

இத்தகைய எண்ணுக்குப் பின்னால் ஆய்வாளரின் முடிவுகள் பல இருக்கின்றன. பொதுவாக ஏழு நாள் அணியச் சொல்லி, குறைந்தது 10 மணி நேரம் அணிந்த நாளையே கணக்கில் கொள்வார்கள். நெடுநேரம் அசைவே பதிவாகவில்லை என்றால் கருவியைக் கழற்றிவிட்டதாகக் கருதுவார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை அசையாமல் படம் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கலாம். பதிவு இடைவெளி ஒரு நிமிடமாக இருந்தால் பத்து நொடி ஓட்டம் சராசரியில் கரைந்துபோகும். அதனால் இளையோருக்கு 15 நொடியோ அதற்கும் குறைவோதான் ஏற்றது. எண்ணைப் பார்த்ததும் கூடுதலாக நடக்கும் ஆசை எழும் என்பதால் சில ஆய்வுகளில் கருவியின் முகப்பை மூடி ஒட்டிவிடுகிறார்கள்.

சைக்கிள் மிதிப்பதும் சுமை தூக்குவதும் இடுப்புக் கருவிக்குச் சரியாகத் தெரிவதில்லை. நீச்சலுக்குப் போனால் பெரும்பாலும் கழற்றிவைத்துவிடுவார்கள். ஆகவே பள்ளிக்கு நாள்தோறும் சைக்கிளில் போகும் மாணவியைக் காலடி எண்ணிக்கை ஒன்றை வைத்தே சோம்பேறி என்று முடிவுகட்டுவது அநியாயம். எந்தக் கருவி, உடலில் எங்கே, எத்தனை நாள் என்ற விவரங்கள் இல்லாத சராசரியை இன்னோர் ஆய்வின் சராசரியோடு ஒப்பிடவே கூடாது.