பய்யோன் ஆற்றுச் சலவைப் பெண்கள்

நீஸ் நகரத்துக்குப் போகிறவர்களுக்குப் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் எப்போதும் தயாராக இருக்கிறது. கடலோரமாக ஏழு கிலோமீட்டர் நீளும் ஆங்கிலேயர் நடைபாதை, 1913இல் திறக்கப்பட்ட நெக்ரெஸ்கோ ஓட்டலின் இளஞ்சிவப்புக் குவிமாடம், கோட்டைக் குன்று, பூச்சந்தை, மாத்தீஸ் அருங்காட்சியகம். அண்மையில் சேர்ந்தது நகர நடுவிலுள்ள 12 ஹெக்டேர் பூங்கா. 2013இல் திறந்தார்கள். தரையிலிருந்து 128 நீர்த்தாரைகள் பீய்ச்சுகின்றன; குழந்தைகள் நனைந்து ஆடுகிறார்கள். அதற்குக் கீழே, கான்கிரீட்டுக்கு அடியில், இன்னொரு தண்ணீர் போகிறது. அது பய்யோன் ஆறு.

ஆறு என்றாலும் ஆண்டில் பாதி நாள் கூழாங்கற்களும் நடுவே சில ஓடைகளும்தான். அந்த ஓடைகளின் ஓரத்தில் முழங்காலிட்டு நகரத்தின் அழுக்கைத் துவைத்தவர்கள் சலவைப் பெண்கள். நிசார்ட் மொழியில் அவர்களுக்கு ‘புகாதியேரா’ என்று பெயர். சாம்பல் கலந்த வெந்நீரைத் துணிமேல் திரும்பத் திரும்ப ஊற்றி அழுக்கெடுப்பது அவர்கள் முறை. நம் வெள்ளாவிக்குத் தூரத்துச் சொந்தம். நாம் துணியைக் கல்லில் அடிப்போம். அவர்கள் தட்டையான மரக்கட்டையால் துணியை அடிப்பார்கள். மலையில் மழை பெய்தால் பய்யோன் திடீரென்று பெருக்கெடுக்கும். அப்போது குதிரை வீரன் ஒருவன் கரையோரமாகப் பாய்ந்து வந்து, “பய்யோன் வருது!” என்று கத்துவானாம். உலர்த்திய துணிகளை அள்ளிக்கொண்டு பெண்கள் கரையேற வேண்டும். துணி போனால் யார் ஈடுகட்டியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இந்த ஊர் பணக்காரர்களின் குளிர்கால ஊராக வளர்ந்தது. கடும் குளிர் வந்த 1820-21க்குப் பின், வேலையற்றுப் பிச்சையெடுத்தவர்களுக்குக் கூலி கொடுத்து, லூயிஸ் வே என்ற பாதிரியாரின் முயற்சியில் ஆங்கிலேயர்கள் கடலோரப் பாதையைப் போட்டார்கள். கொடுத்தவர்கள் பெயர் பாதைக்கு நிலைத்தது. 1860இல் நீஸ் பிரான்சுடன் இணைந்தது, 1864இல் ரயில் வந்தது, ஓட்டல்கள் பெருகின. விருந்தாளிகள் வந்தது குளிர்காலத்தில் என்பதை நினைவில் வைக்கவேண்டும். படுக்கை விரிப்பும் மேசைத்துணியும் மலைபோலக் குவிந்த மாதங்களும், தண்ணீர் கையை விறைக்க வைக்கும் மாதங்களும் ஒன்றே. மருத்துவர் சொல்படி இதமான காற்றுக்காக வந்தவர்களின் வெள்ளை விரிப்புகளை வெளுத்தவர்களுக்கு அதே குளிர்காலம் வேறாக இருந்திருக்கும்.

நடைபாதையில் உலவிய பெண்களுக்கும் சுதந்திரம் இருந்துவிடவில்லை. ருஷ்யக் குடும்பத்துப் பெண் மரீ பஷ்கீர்ட்செஃப் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது இங்கேதான். பின்னாளில் பாரிஸில் ஓவியம் கற்றபோது, துணையின்றித் தெருவில் தனியே போகும் உரிமைக்காக அதில் ஏங்கினாள். 1884இல் இருபத்தைந்து வயதில் இறந்தாள். குடும்பத்தார் வயதைக் குறைத்து, பக்கங்களை வெட்டித்தான் 1887இல் அதை வெளியிட்டார்கள். ஆனாலும் அவளுக்கு நாட்குறிப்பு இருந்தது. சலவைப் பெண்களுக்கு அஞ்சலட்டைகள் இருந்தன. குனிந்த முதுகுகள், பின்னால் விரித்த துணிகள், கீழே ஊரின் பெயர். அவர்களும் அன்று பார்க்கவேண்டிய காட்சிகளில் ஒன்று.

இவ்வூரில் பெயரோடு நிற்கும் சலவைக்காரி ஒருத்தி இருக்கிறாள்: காதரீன் செகுரான். 1543இல் பிரெஞ்சு மன்னன் முதலாம் ஃபிரான்சுவாவும் பார்பரோசாவின் உதுமானியக் கப்பற்படையும் சேர்ந்து, சவோய் பிரபுவின் நகரமாக இருந்த நீஸை முற்றுகையிட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று மதிலேறிய கொடிவீரனைச் சலவைக் கட்டையால் அடித்து வீழ்த்தி, கொடியைப் பறித்தாள் என்பது கதை. அதோடு பாவாடையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டினாள் என்றும் சொல்வார்கள். அவளுக்கு ‘மௌஃபாச்சா’ என்று பட்டப்பெயர். அழகில்லாதவள், வடிவு கெட்டவள் என்று பொருள்.

வரலாற்றில் அவளுக்கு உறுதியான சான்றில்லை. முற்றுகையைக் கண்ட ஜான் பாதாவின் குறிப்பில் அவள் இல்லை. கதை சொல்வதுபோல நகரம் தப்பவும் இல்லை; ஆகஸ்டிலேயே கீழ்நகரம் வீழ்ந்தது. மேலிருந்த கோட்டைதான் தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் படைகள் விலகின. ஆகவே அவள் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அதில் அவசரமில்லை. ஓர் ஊர் தன் வீரத்துக்கு முகம் தேடியபோது, பிரபுவையோ ஆயரையோ விட்டுவிட்டு, தினமும் கட்டையோங்கிப் பழகிய கையை ஏன் எடுத்துக்கொண்டது? பெண் உடலைக் கேலி செய்யும் பட்டப்பெயரையும், அந்த உடலாலேயே எதிரியைக் கேலி செய்ததையும் ஒரே கதை ஏன் வைத்துக்கொண்டது? படித்தவர்கள் மட்டும் சேர்ந்து புனைந்திருந்தால் இந்தக் கரடுமுரடு மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன்.

1923இல் பழைய நகரத்தின் புனித அகஸ்தீன் தேவாலயத்தருகே அவளுக்குப் புடைப்புச் சிற்பம் வைத்தார்கள். புனித காதரீன் நாளான நவம்பர் 25இல் அங்கே மரியாதை செலுத்துவார்கள். ஆனால் கற்பனைச் சலவைக்காரிக்குக் கல் எழுந்தபோது, மெய்யான சலவைப் பெண்களின் ஆறு பல பத்தாண்டுகளாக மூடப்பட்டுக்கொண்டிருந்தது. 1880களிலேயே அதன்மேல் சூதாட்ட மாளிகை வந்துவிட்டது. அதை 1979இல் இடித்தார்கள். பின்னர் மாநாட்டு அரங்கு, நாடக அரங்கு, 1990இல் நவீனக் கலை அருங்காட்சியகம். செகுரானின் சிற்பத்திலிருந்து அந்த அருங்காட்சியகத்துக்குச் சில நிமிட நடைதான். அதன் அடியில்தான் பய்யோன் போகிறது.