ஒரு தட்டு, ஐந்து கணினி: மல்டிபாக்சிங் கதை

நாமக்கல்ல ஒரே டிரைவர் ஒரே நேரத்துல அஞ்சு லாரி ஓட்டுறார்னு சொன்னா நம்புவீங்களா? கம்ப்யூட்டர் கேம்ல அது நடந்துச்சு.

1999-ல் எவர்குவெஸ்ட், 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தன. சிலர் ஐந்து கணக்கு வாங்கி, ஐந்து கணினி வைத்து, ஒரு குழுவையே தனியாளாக ஆடினார்கள். இதுதான் மல்டிபாக்சிங். ஹாட்கீநெட் போன்ற மென்பொருள், ஒரு கீபோர்டில் தட்டியதை நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளுக்கும் அனுப்பும்.

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்ததும் புதுச் சிக்கல். பிங் போகும், ஃபயர்வாலும் திறந்திருக்கும், ஆனா கேம் அசையாது. குறைந்த உரிமையில் ஓடும் புரோகிராம், அட்மின் உரிமையில் ஓடும் புரோகிராமுக்கு கீ தட்டி அனுப்ப முடியாதபடி விஸ்டா தடை போட்டிருந்தது. இதனால்தான் தடுத்தேன்னு எந்த எரரும் சொல்லாது. கேம் இருக்கிற கணினியில் இரண்டையும் ஒரே உரிமையில் ஓட்டினால் சரியாகிவிடும்.

எரிச்சலான தடைதான். ஆனா அது இல்லேன்னா, ஏதோ ஒரு வைரஸ் அட்மின் விண்டோவுல நமக்குப் பதிலா தட்டிட்டுப் போயிடும்.

2020 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வார்கிராஃப்டில் இந்த மென்பொருளையே தடை செய்தது. பல கணக்கு வைத்திருக்கலாம். ஒரே தட்டைப் பல பாத்திரங்களுக்கு மென்பொருளால் அனுப்பக் கூடாது. இதுக்கு எந்த செட்டிங்கும் உதவாது. தனியா ஒருத்தனா ஆடுறவங்களுக்கு அது நியாயம்னுதான் எனக்குத் தோணுது.

விஸ்டா போட்ட தடை இன்னும் இருக்கு. என் ஆட்டோமேஷன் டெஸ்ட் சத்தமில்லாம நின்னா, நெட்வொர்க்குக்கு முன்னாடி நான் பார்க்கிறது உரிமையைத்தான்.