பழங்கித்தாரின் மெய்ம்மை

கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரையில் பரந்து கிடக்கும் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பால்மரக்காட்டையும் லயத்து வீடுகளையும் மாரியம்மன் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் மறவாமல் எழுதுவர். தோட்டத்து இளைஞர் தோளில் தொங்கிய மின்கித்தார் அவர்கள் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. ஆயினும் திருவிழா இரவுகளிலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளிலும் அது ஒலித்தது. அக்காலத்துக் கருவிகள் இன்று இணைய அங்காடிகளில் விலை கூறப்படுகின்றன. அவற்றுள் மெய்யானவையும் உண்டு, பொய்யானவையும் உண்டு, பாதி மெய்யும் பாதி பொய்யுமானவை இவ்விரண்டினும் மிகுதி. இம்மூன்றையும் பிரித்தறியும் முறை தமிழ் மாணவருக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தையும் இடைச்செருகலையும் வேறுபடுத்திய பதிப்பாசிரியர்களின் முறையே ஈண்டும் பயன்படுகிறது.

மலாயாவில் மின்கித்தார் மோகம் பரவியதற்கு 1961-ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் நடத்திய நிகழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். முன்னணிக் கித்தார், தாளக் கித்தார், அடிச்சுருதி காக்கும் பேஸ் கித்தார், டிரம் என்னும் அவர்களது அமைப்பை உள்நாட்டு இளைஞர் அப்படியே ஏற்றனர். மலாய்மொழியில் இத்தகைய குழுவுக்குக் ‘குகிரான்’ என்று பெயர் வழங்கலாயிற்று. ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதன் சுருக்கம் அது. பீட்டில்ஸ் குழுவின் வரவுக்குப் பின் இப்பாட்டுவகை ‘பாப் யே யே’ எனப்பட்டது. தமிழ் இளைஞரும் இவ்வலைக்குப் புறம்பாக நின்றவரல்லர். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ‘ஆலிகேட்ஸ்’ குழுவின் வழி மலாய்ப் பாடலுலகிலேயே தமக்கென ஓரிடம் தேடிக்கொண்டனர்.

தோட்டத்தில் நிலைமை வேறு. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரமே ஜெனரேட்டர் ஓடும். அது நின்றால் ஒலிபெருக்கியும் நின்றுவிடும். மின்கித்தார் வெறும் மரக்கட்டையாகிவிடும். நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அமெரிக்கக் கருவி எட்டாக்கனி. டெய்ஸ்கோ, குயாத்தோன் போன்ற ஜப்பானியக் கருவிகளே சாமானியர் கைக்கு எட்டுபவையாக இருந்தன. ஆதலால், “பழைய தோட்டத்து இசைக்குழுவினரிடமிருந்து கிடைத்த 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர்” என்னும் விளம்பரத்தைக் காண்போர் முதற்கண் ஐயுறுதல் வேண்டும். அப்படி ஒன்று இருந்திருக்கவே முடியாது என்பதன்று. துரை விட்டுச் சென்றதாகவோ, நகரத்து இசைக்குழுவிடமிருந்து கைமாறியதாகவோ இருக்கலாம். ஆனால், மெய்ப்பிக்க வேண்டிய சுமை விற்பவரைச் சார்ந்தது.

விலையின் ஏற்றத்தாழ்வை அறியக் கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். எஃகு நரம்பின் அதிர்வைக் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் மின்னோட்டமாக மாற்றும் முறையில் அமைந்த கித்தாரை அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் 1932-இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் வடிவைக் கண்டோர் ‘வறுக்கும் சட்டி’ என்றே அழைத்தனர். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950-இல் ‘பிராட்காஸ்டர்’ என்னும் திண்மரக் கித்தாரை வெளியிட்டார். அப்பெயருக்கு ஒத்த பெயரைத் தம் டிரம்களுக்கு வைத்திருந்த கிரெட்ச் நிறுவனத்தார் மறுப்புத் தெரிவிக்கவே, தொழிலாளர் பெயர்ச்சீட்டிலிருந்து அச்சொல்லை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டினர். ‘டெலிகாஸ்டர்’ என்னும் புதுப்பெயர் வரும்வரை 1951-இல் இவ்வாறு பெயரின்றி வெளிவந்தவை இன்று பெரும்பொருள் பெறுகின்றன. பெயரில்லாமையே மதிப்பாகிவிட்ட விந்தை இது. பெயரைச் சுரண்டிவிட்டுப் பழமை பேசும் போலிகளுக்கும் இதுவே வழி திறந்தது.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்கு முன் செய்தவை, பின் செய்தவை என்று பொருள் சேர்ப்போர் ஒரு கோடு கிழித்துவிட்டனர். கோட்டின் இப்பக்கத்துக் கருவியை அப்பக்கத்துக்குத் தள்ளுவதே போலிவணிகரின் பெருந்தொழில். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கித்தாரின் கதையோ இன்னும் வியப்புக்குரியது. 1958 முதல் 1960 வரை செம்மஞ்சள் மெருகில் வந்த அக்கருவி அன்று போதிய அளவு விற்பனையாகாமல் வடிவமே மாற்றப்பட்டது. பின்னர் எரிக் கிளாப்டன் போன்றோர் அதனை வாசித்துப் புகழ் பரப்பிய பிறகு அதன் தேவை பெருகிற்று. இன்று அதன் விலை லட்சக்கணக்கான அமெரிக்க டாலர்.

இனி, சான்றுகள். பலரும் முதலில் நாடுவது வரிசை எண்ணை. அது நூலின் முகப்புப் பக்கத்தைப் போன்றது. வேண்டப்படுவதே, ஆயினும் எளிதில் மாற்றத்தக்கது. ஃபெண்டர் கித்தாரில் எண் பொறித்த தகடு திருகாணியால் இணைக்கப்படுவது. அதனைக் கழற்றி வேறு கருவியில் பூட்டச் சில நிமிடங்கள் போதும். கிப்சன் நிறுவனத்தாரோ 1960களில் ஒரே எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் பொறித்துள்ளனர். எண்ணை மட்டும் நம்பி ஆண்டு கூறுதல் பேதைமை. அவர்கள் 1970 முதல் தலைப்பகுதியின் பின்புறத்தில், அமெரிக்காவில் செய்யப்பட்டது என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை மரத்தில் அழுந்தப் பொறித்தனர். அப்பொறிப்போடு கூடிய கருவியை ‘அறுபதுகளின் கித்தார்’ என்று விற்போர் இன்றும் உளர்.

அகச்சான்று உள்ளே இருக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள மின்தடைப் பெட்டியின் மீது ஓர் எண்தொடர் காணப்படும். 1376533 என்றிருந்தால் 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, 65 ஆண்டு, 33 அவ்வாண்டின் வாரம். இதனால் அறியப்படுவது கருவி எந்நாளுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதே. எந்நாளில் செய்யப்பட்டது என்பதன்று. ஃபெண்டர் ஆலையார் 1966-ஆம் ஆண்டுப் பெட்டிகளைப் பெருவாரியாக வாங்கி வைத்துப் பின் வந்த ஆண்டுகளிலும் பொருத்தினர். கல்வெட்டில் ஒரு மன்னன் பெயர் வந்தால் அக்கல்வெட்டு அவனுக்கு முற்பட்டதாக இருக்கவியலாது. பிற்பட்டதாக இருக்கலாம் அன்றோ? அதே நெறிதான். இவற்றோடு ஈயப்பற்று தீண்டப்படாமல் இருக்கிறதா என்றும் நோக்க வேண்டும். பற்றினை உருக்கி மீண்டும் ஒட்டிய தடம் இருப்பின், உறுப்பு மாற்றப்பட்டிருக்கலாம்.

கழுத்தைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் 1950களில் பென்சிலால் எழுதிய தேதியும், 1962 முதல் ரப்பர் முத்திரையிட்ட தேதியும் ஃபெண்டர் கருவிகளில் பெரும்பாலும் கிடைக்கும். மரமும் சாட்சி கூறும். தொடக்கத்தில் விரற்பலகைக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் பயன்பட்டது. 1960களின் பிற்பகுதியில் அது அரிதாகவே, அமெரிக்கர் இந்திய ரோஸ்வுட்டை நாடினர். அது வேறொன்றுமன்று, நீலகிரியிலும் ஆனைமலையிலும் வளரும் நம் ஈட்டி மரமே, தோதகத்தி என்றும் பெயர் பெற்றது. 1959-ஆம் ஆண்டினது எனப்படும் கித்தாரில் ஈட்டி மரம் இருப்பின் வினா எழும். பிரேசில் மரம் 1992 முதல் அனைத்துலக ஒப்பந்தத்தின் கடுங்காப்புப் பட்டியலில் உள்ளமையால், அம்மரம் கொண்ட கருவியை எல்லை கடந்து விற்க உரிமச்சீட்டு வேண்டும் என்பதையும் வாங்குவோர் மறத்தலாகாது.

மெருகைப் பற்றி ஒரு சொல். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு காலப்போக்கில் மெல்லிய வெடிப்புகள் கொள்ளும். புறவூதா ஒளியில் பசுமஞ்சளாய் ஒளிரும். பின்னர்ப் பூசிய இடம் வேறாகத் தோன்றும். முழுவதும் மறுபூச்சுப் பெற்ற கருவியின் விலை ஏறத்தாழப் பாதியாய்க் குறைவது வணிக வழக்கு. ‘புதுப்பித்துப் பளபளப்பாக்கினேன்’ என்று பெருமை பேசுபவர் தம் பொருளைத் தாமே அழித்தவராவார். தேய்மானத்தையும் செயற்கையாய் உண்டாக்கலாம். ஃபெண்டர் நிறுவனமே 1995 முதல் தேய்ந்த தோற்றமுள்ள புதுக்கருவிகளை வெளிப்படையாக விற்கிறது. கோலசிலாங்கூர் கடலோர ஊர். அதன் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அறுபதாண்டு கிடந்த கருவியின் உடலெல்லாம் தேய்ந்திருக்க, திருகாணிகள் மட்டும் துருவின்றி மின்னுமாயின் கதை பொருந்தவில்லை.

ஜப்பானியக் கருவிகளுக்கும் இப்போது விலை ஏறியுள்ளது. 1977-இல் கிப்சனின் தாய்நிறுவனமான நார்லின், இபானெஸ் கருவிகளை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது தலைப்பகுதி வடிவம் குறித்து வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வருமுன் இணக்கம் ஏற்பட்டது. இவ்வொரு வழக்கைக் கொண்டு எழுபதுகளின் ஜப்பானிய நகல் ஒவ்வொன்றையும் ‘வழக்குக் கித்தார்’ என்று இரட்டை விலை கூறுவது வணிகத் தந்திரம். விற்பவர் கேட்கும் விலையை நோக்காமல், அதே வகைக் கருவி உண்மையில் விலைபோன தொகையை நோக்குவதே தக்கது. கழுத்தடியையும் உட்புறத்தையும் படமெடுத்துக் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசுதலும் வீண்.

உடையவர் யார் என்பதும் விலையைத் தீர்மானிக்கும். டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-இல் நியூயார்க் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போயிற்று. பல உறுப்புகள் மாற்றப்பட்ட கருவி அது! ஆயினும் யார் வாசித்தார் என்பதற்கு ஐயமற்ற சான்று இருந்தது.

தோட்டத்துக் கருவிக்கு இல்லாதது இச்சான்றே. பெஸ்தாரி ஜெயா, 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊர். அதனைச் சூழ்ந்த மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் போன்ற தோட்டங்களில் பலதலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் வீடு தேடி அலைந்த கதை நாடறிந்தது. இடம்பெயரும்போது சட்டிபானைக்கு வண்டியில் இடமிருக்கும்; நரம்பறுந்த டெய்ஸ்கோவுக்கு இராது. பழஞ்சாமான் வணிகர் அதனைச் சில வெள்ளிக்கு வாங்கி, இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் விற்பர். அதனை வாசித்தவன் பெயரும் தோட்டத்தின் பெயரும் முதற்கையிலேயே உதிர்ந்துவிடும். நான்காம் கைக்குச் செல்லும்போது, ‘பாப் யே யே’ காலத்துப் புகழ்பெற்ற குழுவொன்றின் பெயர் அதன்மீது ஏற்றப்படும்.

விற்கத்தான் வேண்டும் என்னும் நிலையிலுள்ள குடும்பத்தார் கருவியோடு சேர்த்துக் கொடுக்கத்தக்கவை சில உண்டு: திருவிழா அழைப்பிதழ், கடைக்காரரின் தவணைச் சீட்டு, குழுவினர் மேடையில் நிற்கும் நிழற்படம். அப்படத்தின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எவரேனும் எழுதி வைத்திருப்பின், கழுத்தடியிலுள்ள தேதிக்கு ஒப்பான சான்று அது.