நூத்துக்கு எம்பது பேர் வேண்டாம்னு சொன்ன வண்டி



மூணு நாளா விடாத மழை. மஞ்சக்காட்டுக்குள்ள கால் வைக்க முடியலை. மாட்டுக்குத் தட்டு அள்ளிப் போட்டுட்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தப்ப, அமெரிக்காவில் இருக்கிற அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். புது மாடல் பிக்கப் வண்டி. "மாமா, இந்த மூஞ்சியப் பாருங்க. எங்க ஆபீஸ்ல ரெண்டு நாளா இதுதான் சண்டை. பாதிப் பேர் தூங்க மாட்டேங்கறாங்க"ன்னு எழுதியிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்தச் சண்டை இன்னைக்கு நேத்து வந்ததில்லை மாப்பிள்ளைன்னு ஆரம்பிச்சு ஒரு பழைய கதையைச் சொன்னேன். போன்ல பாதியில நின்னு போச்சு. முழுசா இங்கே எழுதிடறேன். நான் காட்டைப் பார்க்க வர்றதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் லாரி ஓட்டினவன்கிறதால இந்தக் கதை மேல எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. ஏன்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல பிக்கப்னா என்னன்னு சொல்லிடறேன். முன்னால கேபின், பின்னால திறந்த தொட்டி. அமெரிக்காவில் இது விவசாயி வண்டியாத்தான் பிறந்தது. காரை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி கட்டி மூட்டை ஏத்திக்கிட்டிருந்தாங்க அந்த ஊர் குடியானவங்க. அதைப் பார்த்துட்டு 1925ல் ஃபோர்டு கம்பெனியே மாடல் டி காரில் இரும்புத் தொட்டி வெச்சு விற்க ஆரம்பிச்சது. விலை 281 டாலர்.

அடுத்தது டாட்ஜ். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு லாரி செஞ்சு கொடுத்த கம்பெனி. போர் முடிஞ்சதும் அதே அடிச்சட்டத்தை வெச்சு 1946ல் 'பவர் வேகன்'னு ஒரு வண்டியை சனங்களுக்கு விற்றாங்க. நாலு சக்கரமும் இழுக்கும். வின்ச் வெச்சுக்கலாம். டிராக்டர் மாதிரி பிடிஓ ஷாஃப்ட் கூட உண்டு. அதாவது சந்தைக்கும் போகும், காட்டில் இயந்திரமும் ஓட்டும். முகம் ஒண்ணும் அழகில்லை. நடுவில் உயரமான பானட், ரெண்டு பக்கமும் தனியா இறங்கி நிக்கிற மட்கார்டு. பழைய லாரி முகம். அதை யாரும் அழகுக்காக வாங்கலை.

பிறகு டாட்ஜுக்குக் கெட்ட காலம். அதன் தாய்க் கம்பெனி கிரைஸ்லர் 1979ல் திவாலாகும் நிலைக்கு வந்து, அமெரிக்க அரசாங்கம் கடனுக்கு ஜாமீன் நின்னுதான் பிழைச்சது. புது பிக்கப் வரைய காசு ஏது? 1972ல் வந்த உடம்பையே வெச்சுக்கிட்டு ஓட்டினாங்க. 1981ல் 'ராம்'னு பேர் வெச்சாங்க. கிரில் மாத்தினாங்க, விளக்கு மாத்தினாங்க. உடம்பு அதேதான். ஃபோர்டும் ஷெவ்ரலேவும் நடுவில் புது உடம்பு போட்டுட்டாங்க. டாட்ஜ் மட்டும் இருபது வருஷத்துக்கு மேல பழைய சட்டையிலேயே நின்னது.

அந்தப் பழைய சட்டைக்குள்ள 1989ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கம்மின்ஸ் டீசல் இன்ஜினை வெச்சாங்க. 6 சிலிண்டர், 5.9 லிட்டர், டர்போ. 160 குதிரைத் திறன். முறுக்கு விசை 400 பவுண்டு அடி. அந்த இன்ஜின் பிக்கப்புக்காகச் செஞ்சதே இல்லை. கம்மின்ஸும் கேஸ் டிராக்டர் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கினது. டிராக்டரிலும் மண் தோண்டும் இயந்திரத்திலும் ஓடினது. இன்ஜின் எடை மட்டுமே அரை டன் இருக்கும். டிரெய்லரில் மாடு ஏத்தி இழுக்கிறவங்க, வைக்கோல் கட்டு இழுக்கிறவங்க, வண்டி மூஞ்சியைப் பார்க்காம இன்ஜினுக்காகவே அதை வாங்கினாங்க.

இப்ப என் பாசத்துக்குக் காரணம் சொல்றேன். 1993ல் டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் ஒரு கம்பெனி தொடங்கினாங்க. இதே 5.9 லிட்டர் குடும்பத்து இன்ஜின் டாடா லாரிக்கு வந்தது. நான் ஓட்டின லாரியில் இருந்தது அதுதான். சங்ககிரியில் சிமென்ட் ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போது அந்த இன்ஜின் போடற சத்தம் இன்னும் காதில் இருக்கு. அமெரிக்கக் குடியானவன் பிக்கப்பில் கேட்டதும் ஏறக்குறைய அதே சத்தம்தான்னு பிற்பாடு தெரிஞ்சப்ப, தூரத்துச் சொந்தக்காரனைக் கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு.

சரி, கதைக்கு வர்றேன். நல்ல இன்ஜின் வந்துருச்சு, ஆனா உடம்பு கிழடு. புது உடம்பு வரையணும். முதலில் வரைஞ்ச வடிவம் ஃபோர்டு, ஷெவ்ரலே மாதிரியே நேர்கோட்டுப் பெட்டியா இருந்துச்சு. இதுக்கு எதுக்கு நம்மகிட்ட வரணும், அவங்ககிட்டயே வாங்கிட்டுப் போவாங்களேன்னு அதை ஒதுக்கிட்டாங்க. டாம் கேல்னு ஒருத்தர் வடிவமைப்புத் தலைவர். அவர் ஆளுங்க பழைய பவர் வேகனையும், ரோட்டில் போற பெரிய லாரிகளையும் மனசில் வெச்சு வேறொண்ணு வரைஞ்சாங்க. பானட் நடுவில் தூக்கி நிக்குது. மட்கார்டு ரெண்டும் தோள் இறங்கின மாதிரி கீழே இருக்கு. முன்னால சிலுவைக் கோடு போட்ட பெரிய கிரில்.

புது வண்டி வர்றதுக்கு முன்னாடி அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிக்கப் வெச்சிருக்கிற ஆளுங்களைக் கூட்டி வந்து, மாதிரி வண்டியைக் காட்டி, பிடிச்சிருக்கா இல்லையான்னு கேட்பாங்க. இதையும் காட்டினாங்க. நூத்துக்கு 80 பேருக்குப் பிடிக்கலை. சும்மா பிடிக்கலைன்னு இல்லை, அதில் நிறையப் பேருக்கு வெறுப்பே வந்துருச்சு. பிக்கப்புன்னா ஒரு முகம் இருக்கில்ல, இது என்ன குட்டி லாரி வேஷம்கிற மாதிரி. மீதி 20 பேரோ, எப்ப விற்பீங்கன்னு கேட்கிற அளவுக்கு மயங்கிட்டாங்க. "பரவாயில்லை, இருக்கட்டும்"னு சொன்ன ஆளே கிட்டத்தட்ட இல்லை.

நம்மளா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? எம்பது பேர் வேண்டாம்னு சொன்னா அந்த வெள்ளாமையே போட மாட்டோம். ஆனா அப்ப கிரைஸ்லருக்குத் தலைவரா இருந்த பாப் லட்ஸ் போட்ட கணக்கு வேற. சந்தையில் நம்ம பங்கு சொற்பம். எல்லாரும் சுமாரா ஒத்துக்கிற வண்டியைச் செஞ்சா எல்லாருக்கும் அது ரெண்டாவது விருப்பமாத்தான் இருக்கும், யாரும் வாங்க மாட்டாங்க. இருபது பேர் உசுரைக் கொடுத்து விரும்பினா அதுவே இப்ப விற்கிறதைப் போலப் பல மடங்கு. செய்யுங்கன்னுட்டார்.

1994 மாடலா வண்டி வந்தது. 1993ல் ஒரு லட்சம் கூட விற்காத ராம், 1994ல் 2 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டிருச்சு. 1999ல் 4 லட்சத்துக்கு மேல. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அந்த வருஷத்தின் சிறந்த டிரக்குன்னு பரிசு கொடுத்தது. 1996ல் 'ட்விஸ்டர்'னு சூறாவளியைத் துரத்துற படம் வந்ததே, அதில் சோளக்காட்டுக்குள்ள பாயற சிவப்பு வண்டி இதுதான்.

எதிர் உதாரணமும் சொல்லணும். 1997ல் ஃபோர்டு தன் எஃப்-150க்கு நேர்மாறா ஒரு உடம்பு போட்டது. மூலையெல்லாம் மழுங்கி, கார் மாதிரி உருண்டை. அதையும் திட்டினாங்க. ஜெல்லி மிட்டாய்னு பேரே வெச்சாங்க. அதுவும் நல்லாவே விற்றது. ஆக, முறைப்பா வரைஞ்சாலும் திட்டு, மழுக்கி வரைஞ்சாலும் திட்டு. வண்டிப் பிரியர்களுக்குத் தன் வண்டி முகம் தன் வீட்டு மாட்டு முகம் மாதிரி. சந்தையில் அதைவிட நல்ல மாடு நின்னாலும் முதல் பார்வையில் மனசு ஒப்பாது. பழகினா ஒப்பும்.

இதோட கதையை முடிச்சா, "பாருங்க, ஊர் பேச்சைக் கேட்காம துணிஞ்சவன் ஜெயிச்சான்"னு ஒரு பாடமா முடிஞ்சிரும். அமெரிக்காவிலும் இதை அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லைங்க. அந்த எம்பது பேர் முட்டாளுங்க இல்லை. அவங்க கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கு.

என்ன பட்டிருக்கும்னு நான் நினைக்கிறேன்னா, முதல் தடவையா ஒரு பிக்கப் வேலையைவிட முகத்துக்காக வரையப்பட்டிருந்துச்சு. பவர் வேகனுக்கு அந்த முகம் தானா வந்தது. உள்ளே இருந்த இன்ஜினும் அந்தக் காலத்துத் தகரம் வளைக்கிற முறையும் கொடுத்த முகம். 1994ல் அந்த முகத்தை மட்டும் திரும்ப எடுத்து மாட்டினாங்க. உள்ளே நல்ல வேலைக்காரனும் இருந்தான், இல்லேன்னு சொல்லலை. கம்மின்ஸ் அப்படியே இருந்துச்சு. நடு சீட்டை மடக்கினா பேப்பர், கம்ப்யூட்டர் வெச்சு கணக்குப் பார்க்கலாம், அவ்வளவு யோசிச்சுத்தான் செஞ்சாங்க. ஆனா அதை வாங்கின இருபது பேரில் எத்தனை பேர் மூட்டை ஏத்தறவங்க?

அந்த முகம் காசு கொண்டு வருதுன்னு தெரிஞ்சதும் மத்தவங்களும் அதே வழியில் போனாங்க. அடுத்து வந்த ஒவ்வொரு மாடலிலும் பானட் ஏறிச்சு, கிரில் பெருத்துச்சு, தொட்டிச் சுவரும் உயர்ந்துச்சு. பழைய பிக்கப்பில் பக்கத்தில் நின்னே கையை விட்டு அடியில் கிடக்கிற மண்வெட்டியை எடுக்கலாம். புதுசுல முடியாது. பின் கதவில் ஏறிப் போக ஏணிப்படி வெச்சு, அதையே வசதின்னு விளம்பரம் பண்றாங்க. நம்ம ஊர் குட்டி யானையில் தேங்காய் ஏத்தறவன்கிட்ட "ஏணி வெச்சு ஏத்து"ன்னு சொன்னா வாடகையே வேண்டாம்னு போயிருவான்.

அது போகட்டும், இடுப்பு வலியோட போச்சு. இன்னொண்ணு அப்படி விட முடியாதது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒண்ணு இருக்கு. 2023ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பானட் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல இருக்கிற வண்டிகள், 30 அங்குலமோ அதுக்குக் கீழேயோ உள்ள சரிவான முகம் கொண்ட வண்டிகளைவிட, நடந்து போறவங்க மேல மோதினா உயிரை எடுக்கிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்னு அதில் சொல்லியிருக்கு. 40 அங்குலம்னா எவ்வளவுன்னு நெனைச்சுப் பாருங்க. அஞ்சு வயசுக் குழந்தை நின்னா அவ்வளவுதான் இருக்கும். களத்து மேட்டில் வண்டியை எடுக்கும்போது முன்னால பேரன் நிக்கிறது தெரியலைன்னா, முகம் அழகா இருந்து என்ன, அசிங்கமா இருந்து என்ன.

இத்தனையும் 1994 ராமால்தான்னு பழி போட முடியாது. பல கைகள் சேர்ந்து செஞ்ச வேலை. அந்த வண்டியையும் நான் வெறுக்கலை. அதில் இருந்த 12 வால்வு கம்மின்ஸை, கம்ப்யூட்டர் இல்லாம வெறும் இயந்திரப் பம்பில் ஓடறதை, இன்னைக்கும் தேடிப் பிடிச்சு வாங்கறாங்க. 1998ல் அதை நிறுத்திட்டு 24 வால்வு கொண்டு வந்தாங்க, அதுக்கும் ஒரு மூச்சுத் திட்டினாங்க. டேஷ்போர்டு வெயிலில் வெடிச்சு விழும், தகரம் துருப்பிடிக்கும், இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்னு அந்த வண்டிக்காரங்களே சிரிச்சுக்கிட்டுச் சொல்றாங்க.

கடைசியா ஒரு வேடிக்கை. 2019 மாடல் ராம் 1500ல் அந்தச் சிலுவைக் கோட்டுக் கிரிலை எடுத்துட்டாங்க. உடனே சண்டை. ராமின் முகத்தையே கெடுத்துட்டாங்க, இது யார் வண்டின்னே தெரியலைன்னு வண்டிப் பிரியர்கள் வருத்தப்பட்டாங்க. எம்பது பேர் வெறுத்த முகம் இருபத்தஞ்சு வருஷத்தில் தொடக்கூடாத முகமாயிருச்சு. கம்பெனியும் பழைய உடம்பை நிறுத்தாம, 'கிளாசிக்'னு பேர் வெச்சுப் புதுசோடவே சேர்த்து இன்னும் சில வருஷம் விற்றது.

இதையெல்லாம் சொல்லிட்டு அக்கா மகனுக்கு நான் எழுதினது இவ்வளவுதான்: "மாப்பிள்ளை, மூஞ்சி பிடிக்கலைங்கறவன் அஞ்சு வருஷத்தில் பழகிருவான், அதைப் பெருசா எடுத்துக்காதே. தொட்டிக்குள்ள கை எட்டலை, முன்னால நிக்கிறது கண்ணுக்குத் தெரியலைன்னு எவனாவது சொன்னா, அவன் பேச்சை மட்டும் உட்கார்ந்து கேளு. அது பழகிப் போற குறை இல்லை."

அதுக்கு அவன் ஒரு படம் அனுப்பியிருக்கான். புது வண்டி பக்கத்தில் அவன் பையன் நிக்கிறான். பானட் விளிம்புக்கு மேல தலைமுடி மட்டும்தான் தெரியுது. "அளந்து பார்த்தேன் மாமா"ன்னு கீழே எழுதியிருக்கு.

மழை விட்டிருக்கு. வாய்க்கால் உடைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வர்றேன். அடுத்த பதிவில் மஞ்சள் விலை பத்திப் பேசுவோம்.