ஹார்ட் டிஸ்கில் எல்லை பிறந்த கதை

திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே, 2002-ல், பழையபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. இத்தனை மாற்றத்திலும் செந்துறையில் ஒரு வயல்கூட இடம்பெயரவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் நின்ற இடத்திலேயே நின்றது. எந்தத் தாலுகா எந்தக் கலெக்டரின் பொறுப்பு என்ற எழுத்து மட்டும் மாறியது. கம்ப்யூட்டர் கடையில் 'பார்ட்டிஷன் போட்டுக் கொடுங்க' என்று கேட்கிறோமே, அந்த வேலையின் அடிப்படையும் இதுதான். டிஸ்குக்குள் சுவர் எதுவும் எழுப்பப்படுவதில்லை. முதல் ஏட்டில் ஒரு சிறிய அட்டவணை எழுதப்படுகிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி நடக்கிறது.

அந்த அட்டவணை எப்படி வந்தது என்பது சொல்லத் தக்க கதை.

ஹார்ட் டிஸ்க் 1956-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ரேமாக் கணினியோடு பிறந்தது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஒரு டிஸ்கைப் பல பேருக்குப் பங்கு போடும் யோசனையும் பெரிய கணினிகளின் காலத்திலேயே வந்துவிட்டது. 1960-களின் பிற்பகுதியில் ஐபிஎம்மின் சிபி-67 என்ற அமைப்பில் ஒரே டிஸ்கைக் கூறு போட்டு, ஒவ்வொரு பயனருக்கும் 'மினிடிஸ்க்' என்று கொடுத்தார்கள். தன்னிடம் ஒரு முழு டிஸ்க் இருப்பதாகவே அவர் வேலை செய்யலாம். ஆனால் நம் வீட்டு மேசையில் இருக்கும் சி டிரைவ், டி டிரைவின் வம்சம் வேறு. அது 1980-களின் தொடக்கத்தில் தொடங்குகிறது.

1981-ல் ஐபிஎம் வெளியிட்ட பிசியில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. பிளாப்பி மட்டும்தான்: ஒன்று ஏ, மற்றொன்று பி. சி என்ற எழுத்து ஹார்ட் டிஸ்குக்குப் போனது அதனால்தான். பிளாப்பி மறைந்து வெகுகாலம் ஆன பிறகும் முதல் டிரைவ் சி-யாகவே தொடர்கிறது. அந்த பிசிக்கு எந்த இயங்குதளம் நிலைக்கப்போகிறது என்பது அன்று முடிவாகவில்லை. பிசி டாஸ், சிபிஎம்-86, யுசிஎஸ்டி பி-சிஸ்டம் என மூன்றையும் ஐபிஎம் முன்வைத்தது. பிளாப்பி இருந்தவரை இதில் சிக்கல் வரவில்லை. வேண்டிய இயங்குதளத்தின் பிளாப்பியைச் செருகினால் போதும், கம்ப்யூட்டர் அதில் எழுந்துவிடும்.

1983 மார்ச்சில் 10 எம்பி ஹார்ட் டிஸ்கோடு பிசி எக்ஸ்டி வந்தது. அந்த டிஸ்க் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டது. பிளாப்பி போலக் கழற்றி மாற்ற முடியாது. ஒரே டிஸ்கில் இரண்டு மூன்று இயங்குதளங்கள் இருக்க வேண்டுமென்றால் அவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று எழுதிவிடக் கூடாது. அதற்கு முன்னதாகவே, 1982 ஜூனில், ஐபிஎம் பொறியாளர் டேவிட் லிட்டன் ஒரு சின்ன நிரலை எழுதிவைத்திருந்தார். டிஸ்கின் முதல் செக்டாரில், அதாவது 512 பைட் கொண்ட முதல் துண்டில், அது அடங்கியது. 446 பைட்டில் கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல், 64 பைட்டில் எல்லை அட்டவணை, கடைசி இரண்டு பைட்டில் 'இது சரியான செக்டார்' என்ற முத்திரை. மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்று இன்று சொல்வது இதைத்தான்.

அந்த 64 பைட்டில் நான்கே வரிகள். வரிக்கு 16 பைட். ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை இயங்குதளத்துக்கு உரியது, கம்ப்யூட்டர் எழும்போது இதைத்தான் எழுப்ப வேண்டுமா என்ற விவரங்கள் அதில் இருக்கும். டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் ஏன் போட முடியவில்லை என்று பின்னாளில் கேட்ட அத்தனை பேருக்கும் விடை அந்த நான்கு வரிகளில் இருக்கிறது. 10 எம்பி டிஸ்குக்கு நான்கு வரி தாராளம்தான். அதே நான்கு வரி முப்பது ஆண்டுக்கு மேல் உலகத்தின் பெரும்பாலான பிசிகளைத் தாங்கும் என்று யார் எதிர்பார்த்திருக்க முடியும்? என் பார்வையில் கணினி வரலாற்றின் மிகச் சிக்கனமான வேலைகளில் இது ஒன்று.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்ட்டிஷன் பிறந்தது பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று பிரித்துவைக்க அல்ல. டாஸ் 2.0-வோடு வந்த எஃப்டிஸ்க் என்ற கருவி ஒரு டிஸ்கில் டாஸுக்கு ஒரு பகுதியை மட்டுமே ஒதுக்கும். மற்றவை பிற இயங்குதளங்களுக்கு. ஒரே இயங்குதளம் சி, டி, இ என்று பல பகுதிகளை ஆளத் தொடங்கியது வேறொரு நெருக்கடியால். டாஸ் ஒரு பகுதியின் செக்டார்களை எண்ண 16 பிட் எண்ணைப் பயன்படுத்தியது. ஆகவே 65,536 செக்டார், அதாவது 32 எம்பிதான் உச்சம். டிஸ்குகள் அதைத் தாண்டி வளர்ந்ததும், 1987-ல் டாஸ் 3.3 ஒரு வழி செய்தது: நான்கில் ஒரு வரியை 'எக்ஸ்டெண்டட்' என்று அறிவித்து, அதற்குள் லாஜிகல் டிரைவ்களை அடுக்கிக்கொள்ளலாம்.

உச்சவரம்பு பிறகு 2 ஜிபி வரை உயர்ந்தபோதும் பிரிக்கும் பழக்கம் போகவில்லை. அந்த அளவு பகுதியில், டாஸ் கோப்புகளைப் பதியும் ஃபேட்-16 முறை 32 கேபி கேபியாகத்தான் இடம் கொடுக்கும். ஒரு கேபி கடிதமும் 32 கேபியை அடைத்துக்கொள்ளும். சிறு பகுதிகளாகப் பிரித்தால் இந்த வீணடிப்பு குறையும். 1996-ல் ஃபேட்-32 வந்து இந்தக் காரணத்தையும் தளர்த்தியது. அதற்குள் கடைக்காரர்களின் கை பழகிவிட்டது. விண்டோஸ் சி-யில், சொந்தச் சரக்கு டி-யில் என்பது நம் ஊர்களில் எழுதாத விதியானது. அது நல்ல விதியும்கூட. வைரஸ் புகுந்தால் சி-யை மட்டும் ஃபார்மட் அடித்துவிடலாம், கல்யாண போட்டோ டி-யில் பத்திரமாக இருக்கும்.

எல்லை போடுவதைவிட, போட்ட எல்லையை உள்ளே இருப்பது அழியாமல் நகர்த்துவதுதான் கடினம். எஃப்டிஸ்கில் அதற்கு வழியே கிடையாது. பகுதியை அழித்துவிட்டு, புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டும். 1993-ல் ஜெர்மானியர் ஆர்னோ ஷேஃபர் 'ஃபிப்ஸ்' என்ற இலவசக் கருவியை எழுதினார். லினக்ஸ் இயங்குதளம் பரவத் தொடங்கிய நேரம் அது. டிஸ்க் முழுக்க டாஸ் உட்கார்ந்திருந்த வீடுகளில் லினக்ஸுக்கு ஓரமாக இடம் வேண்டியிருந்தது. முதலில் டீஃபிராக் ஓட்டி, சிதறிக் கிடக்கும் கோப்புகளை முன்பக்கமாக நெருக்கிவைக்கச் சொல்வார். பின்பக்கம் காலியானதும் ஃபிப்ஸ் செய்வது அட்டவணையிலும் பூட் செக்டாரிலும் சில பைட்டுகளைத் திருத்துவதுதான். திருத்துமுன் பழைய செக்டார்களை ஒரு பிளாப்பியில் நகலெடுத்துக்கொள்ளவும் கேட்கும், தவறினால் மீட்க. பிறகு பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக், குனு பார்ட்டட், 2004-ல் ஜிபார்ட்டட் எனக் கருவிகள் வந்தன. விண்டோஸ் விஸ்டா 2007-ல் சுருக்கும் வசதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் அடிப்படை ஒழுங்கு ஒன்றுதான். சுருக்கும்போது முதலில் உள்ளே இருக்கும் கோப்புகளை ஒதுக்க வேண்டும், பிறகே கோட்டை நகர்த்த வேண்டும். விரிக்கும்போது முதலில் கோடு, அப்புறம் உள்ளே. இதைத் தலைகீழாகச் செய்தால் கோட்டுக்கு வெளியே தங்கிப்போன கோப்புகளை யாரும் கேட்கமாட்டார்கள். விஸ்டாவின் கருவி பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும் 'இதற்கு மேல் சுருக்க முடியாது' என்று நிற்பதற்கும் காரணம் இதுவே. இடம்பெயர மறுக்கும் சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

கடைகளில் அதிகம் கேட்கும் குறை வேறு: 'சி டிரைவ் சிவப்பாயிடுச்சு, டி-ல நூறு ஜிபி சும்மாக் கிடக்கு, அதை எடுத்து இதுக்குக் குடுங்க.' நியாயமான கோரிக்கைதான். ஆனால் டி-யைச் சுருக்கினால் காலியிடம் டி-யின் வால்பக்கம் விழும்; சி-க்கு வேண்டியது தன்னை ஒட்டிய இடம். எனவே டி முழுவதையும் கோப்போடு தூக்கிப் பின்னால் தள்ள வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் வேலை. நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக நிற்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் கைவைப்பது ஆபத்தான காரியம்.

பார்ட்டிஷனின் ஆதி நோக்கம் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் தனித்தனிப் பகுதிகளில் இருந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். லிட்டன் யோசித்த அதே காட்சி, முப்பது ஆண்டு கழித்து, அரசுப் பள்ளி மாணவரின் மடியில். கணினி என்றால் ஒரு நிறுவனத்தின் ஒரு ஜன்னல் மட்டும் அல்ல என்று அந்தத் திரை சொல்லாமல் சொன்னது. எனக்கு அது பெரிய விஷயம். அதை யாராவது வகுப்பில் உட்காரவைத்துக் காட்டியிருக்க வேண்டும். காட்டாத இடத்தில் பாஸ் வெறும் 'இடத்தை அடைக்கிற பகுதி'யாகத்தான் தெரியும். இடம் வேண்டி அதை அழித்தால், தேர்வுத் திரையைக் காட்டும் குரப் நிரலின் பாகமும் சேர்ந்து போகும். மறுநாள் லேப்டாப் கறுப்புத் திரையில் 'குரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும், விண்டோஸும் எழாது. விண்டோஸ் அழிந்திருக்காது, அதை எழுப்பிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் டிஸ்கைக் கொண்டு பூட் செக்டாரைத் திருத்தினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும்.

நான்கு வரி அட்டவணைக்கும் ஒரு நாள் இடம் போதாமல் போனது. செக்டார் எண்ணுக்கு அதில் 32 பிட்தான் உண்டு; 512 பைட் செக்டாரில் அது சுமார் 2 டிபியோடு முடிகிறது. 2010-ல் 3 டிபி டிஸ்குகள் விற்பனைக்கு வந்தன. இன்டெல் 1990-களின் இறுதியில் வகுத்த இஎஃப்ஐ முறையிலிருந்து வந்த ஜிபிடி அட்டவணை இன்றைய லேப்டாப்புகளில் இருக்கிறது. அதில் வழக்கமாக 128 வரிகள். முக்கியமாக, அட்டவணையின் இரண்டாவது நகல் டிஸ்கின் கடைசியிலும் எழுதப்படுகிறது. முன்பக்கம் சிதைந்தால் பின்பக்கத்தைக் கொண்டு மீட்கலாம். பழைய முறையில் அந்த ஒரே செக்டார் போனால் எல்லை எல்லாம் போனது.

போனாலும் முழுக்கப் போனதாகாது. பார்ட்டிஷனைத் தவறி அழித்துவிட்டால் அழிவது அட்டவணையின் ஒரு வரிதான். கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி டிஸ்க் முழுக்கத் தேடி, பழைய பகுதிகளின் தொடக்கத்தைக் கண்டுபிடித்து அந்த வரியைத் திரும்ப எழுதித் தரும். அதுவரை அந்த டிஸ்கில் புதிதாக எதையும் பதியக் கூடாது, ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் சம்மதிக்கவும் கூடாது. லேப்டாப்பை உடனே ஆஃப் செய்து, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.