பையும் பாயும்: ஒரு சின்ன வரலாறு

புற்றுநோயால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டால் சிறுநீர் எங்கே போகும்?

1852-ல் லண்டனில் ஜான் சைமன் என்ற மருத்துவர் சிறுநீர்க் குழாய்களைப் பெருங்குடல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்த வழியில் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும் ஆபத்து தீரவில்லை. 1950-ல் அமெரிக்காவின் யூஜீன் பிரிக்கர், சிறுகுடலில் ஒரு துண்டைப் பிரித்து, இரு குழாய்களையும் அதில் இணைத்து, வயிற்றில் ஒரு வாய் திறந்துவிடும் முறையை விளக்கினார். இன்றும் பரவலாகச் செய்வது அதைத்தான்.

உயிர் பிழைத்தாயிற்று. ஆனால் அந்த வாயை அடக்க முடியாது, சொட்டிக்கொண்டே இருக்கும். 1954-ல் டென்மார்க் நர்ஸ் எலிசே சோரன்சன், குடல் ஆபரேஷனுக்குப் பின் வெளியே போகவே கூசிய தங்கை தோராவுக்காக, தோலில் ஒட்டும் பையை யோசித்தார். சிறுநீருக்கும் இன்று ஒட்டும் பைதான்.

பகலில் பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடலாம். ராத்திரி? நீளக் குழாய் மாட்டி, 2 லிட்டர் பையில் வடிய விட வேண்டும். ஒட்டுப்பையில் கொஞ்சம் சிறுநீர் இருக்கும்போதே மாட்டினால் தடையில்லாமல் வடியும். காலையில் பெரிய பையைக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பெரிய பை உடம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் தரையில் பாய் விரித்துத்தானே படுக்கிறோம்? பையைத் தொங்கவிட இடமேது! ஈரமாகிவிடுமோ என்று பயந்து, இந்த வெயிலில் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தப்பு.

ஆபரேஷன் செலவுக் கணக்கில் ஒரு கயிற்றுக் கட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கமும் வைத்தியம்தானே!